கேசட்டில் விழும் கட்டங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தை எடிட் செய்து மினிடிவி (MiniDV) டிஜிட்டல் கேசட்டில் ஏற்றினால், வடம் பிடிப்பவர் முகத்தில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் விழும். ராஜபாளையத்தில் கல்யாண வீடியோ செய்த எங்களுக்குப் பழகிய தலைவலி இது. "கேசட்டு மட்டம்ணே" என்பான் உதவிக்கு இருந்த தம்பி. முதலில் கம்ப்யூட்டரைப் பாரு என்பேன். அதிலிருந்து கேசட் இருக்கும் கேமராவுக்கு வினாடிக்குச் சுமார் 3.6 எம்பி தடையில்லாமல் போகவேண்டும். ஹார்ட் டிஸ்க் திணறினால் படம் குதிக்கும்.

ஆனால் கட்டம் விழுந்தால் பெரும்பாலும் டேப்பில் பதியும் கேமரா ஹெட்டில் அழுக்கு. டேப்பில் ஒரு தடத்தின் அகலம் 10 மைக்ரான்தான். ஒரு தூசு போதும். எங்களுடையது போன்ற நூற்பாலை ஊரில் கேமராவின் கேசட் கதவைத் திறந்து வைக்கவே கூடாது. க்ளீனிங் கேசட்டைச் சில வினாடி ஓட்டிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். அதே இடத்தில் கட்டம் வந்தால் பதிவிலேயே கோளாறு, திரும்ப ஏற்றத்தான் வேண்டும். இடம் மாறி வந்தால் ஹெட் இன்னும் சுத்தமாகவில்லை.

வீட்டில் பழைய கேசட் இருந்தால், ஓடும் கேமரா கிடைக்கும்போதே ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.