கேட்டதும் கட்டியதும்

ஒரு தேவையை டிசைனின் எந்தப் பகுதி நிறைவேற்றுகிறது என்று காட்டும் அட்டவணைக்கு டிரேசபிலிட்டி மேட்ரிக்ஸ் என்று பெயர். அமெரிக்க ராணுவத்துக்கு மென்பொருள் எழுதியவர்களிடம் 1988ஆம் ஆண்டின் 2167ஏ தரவிதியே இந்தத் தொடர்பைக் கேட்டது. அன்று அதைக் கையால்தான் நிரப்பினார்கள், பெரும்பாலும் ஆடிட் நெருங்கும்போது. டிசைன் ஆவணத்தின் நடுவே ஒரு பிரிவு புதிதாக நுழைந்தால் 4.2 என்பது 4.3 ஆகிவிடும், அட்டவணையில் 4.2 அப்படியே நிற்கும்.

இந்தத் தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏரியான் 5 ராக்கெட்டைத்தான் நினைக்கிறேன். அதன் திசையறியும் கணினியில் ஏரியான் 4இன் மென்பொருளையே வைத்தார்கள். தரையில் இருக்கும்போது கருவியை நேர்படுத்தும் கணக்கு ஒன்று, கிளம்பிய பிறகும் சுமார் 40 விநாடி ஓடும்படி அதில் இருந்தது. கவுண்ட்டவுன் இடையில் நின்றால் சட்டென்று மறுபடி தொடங்குவதற்காகப் பழைய ராக்கெட்டுக்குச் செய்த ஏற்பாடு அது. புதிய ராக்கெட்டுக்கு அந்தத் தேவையே கிடையாது. தேவை போய்விட்டது, அதற்கான மென்பொருள் கோடு தங்கிவிட்டது. 1996 ஜூன் 4 அன்று, கிடைவாக்கு வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் எண் ஒன்று 16 பிட்டுக்குள் அடங்காமல் போக, மாற்றுக் கணினியும் முதன்மைக் கணினியும் அடுத்தடுத்து நின்றன. ராக்கெட் வானிலேயே சிதறியது. 'இந்தக் கணக்கு இன்னும் யாருக்காக ஓடுகிறது?' என்று கோடிலிருந்து தேவையை நோக்கிப் பின்னால் போய்க் கேட்டிருக்க வேண்டும்.

இன்று விமான மென்பொருளுக்கான டிஓ-178சி (2011) தரவிதி இரு திசையிலும் தடம் கேட்கிறது. தேவைகளை நிர்வகிக்கும் டோர்ஸ் போன்ற கருவியில் ஒவ்வொரு தேவைக்கும் தனி அடையாள எண் உண்டு. ஒரு தேவையில் உள்ள '50 மில்லிசெகண்ட்' என்பதை 20 என்று திருத்தினால், அதோடு இணைந்த லிங்க்குகள் 'சஸ்பெக்ட்' என்று குறிக்கப்படும்.

அந்தக் குறியை நீக்குவது மட்டும் இன்னும் மனிதர் வேலை. ரிலீஸ் அவசரத்தில் டிசைனைத் திறந்துகூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் மொத்தமாக கிளியர் செய்தால், பழைய அட்டவணையைவிட அது ஆபத்தானது. கருவியே சரி என்று சொல்வதால் பிறகு யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆய்வாளர்கள் கோட்டெல், ஃபிங்கெல்ஸ்டைன் இருவரும் 1994இலேயே சுட்டிய குறையும் அப்படியே இருக்கிறது: ஆவணத்தில் ஏறுவதற்கு முன் அந்தத் தேவை யாரிடமிருந்து, எதற்காக வந்தது என்ற தடம்தான் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு லிங்க்கோடும் காரணத்தை ஒரு வரியாவது எழுதச் சொல்வேன், எழுதியவர் பெயரோடு.