துணைநூற்பட்டியலில் நம் பெயர்கள்

அறிவியல் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோர் மிகுந்த அலுப்போடு செய்யும் வேலை, இறுதியில் இடம்பெறும் துணைநூற்பட்டியலை அவ்விதழின் விதிப்படி ஒழுங்கு செய்வதாகும். காற்புள்ளி எங்கே, அரைப்புள்ளி எங்கே, ஆண்டு அடைப்புக்குள்ளா வெளியிலா என்பன இதழுக்கு இதழ் மாறும். இவற்றை மென்பொருள் இன்று நொடியில் மாற்றித் தந்துவிடும். அதனால் தீர்க்க இயலாதது ஆசிரியரின் பெயர். அதிலும் குறிப்பாகத் தமிழ் முஸ்லிம்களின் பெயர்.

1978ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவர் நகரில் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கூடித் தம் இதழ்களுக்கெல்லாம் பொதுவான விதிகளை வகுக்க முற்பட்டனர். அங்குப் பிறந்த ‘வான்கூவர் முறை’, குடும்பப் பெயரை முதலிலும், இயற்பெயரின் முதலெழுத்துகளைப் புள்ளியின்றி அதன் பின்னும் எழுதச் சொல்கிறது. பிற முறைகளும் சிறு வேறுபாடுகளுடன் இதையே வேண்டுகின்றன. எல்லா மனிதருக்கும் குடும்பப் பெயர் ஒன்று உண்டு என்ற எண்ணமே இவற்றின் அடிப்படை.

தமிழர்க்கு அது பெரும்பாலும் இல்லை. நம் முன்னெழுத்துகள் ஊரையும் தந்தையையும் குறிப்பவை. மான்கொம்பு சாம்பசிவன் சுவாமிநாதன் என்பதில் முதலாவது பூர்விக ஊர், இரண்டாவது தந்தை, மூன்றாவதே அவர். இயற்பெயர் இறுதியில் நிற்பதால் ‘சுவாமிநாதன் எம்.எஸ்.’ என்று பட்டியலில் தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது. வேங்கடராமன் என்ற ஒரே பெயர் ‘வி. ராமன்’ எனப் பிளவுபட்டு, பின்னர் உலகெங்கும் ‘ராமன் விளைவு’ என நிலைத்ததும் நாம் அறிந்ததே.

இரு சொற்களாலான பெயர்களில்தான் சிக்கல் முற்றுகிறது. தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூரில் ஷேக் தாவூத் என்பவரின் மகனாக அப்துல் ரஹ்மான் என்னும் வேதியியல் ஆய்வாளர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். ஊரையும் தந்தையையும் முன்னிறுத்தி அவர் ‘கே.எஸ். அப்துல் ரஹ்மான்’ என்று கையெழுத்திடுவார். ஆய்விதழ்கள் அவரை ‘ரஹ்மான் கே.எஸ்.ஏ.’ என்றோ, ‘ரஹ்மான் ஏ.’ என்றோ, சில வேளை ‘அப்துல் ஆர்.’ என்றோ அச்சிடும். ‘அப்துல்’ என்பது ‘அப்து’ என்ற சொல்லும் ‘அல்’ என்ற சுட்டும் இணைந்தது. ‘இன்னாருடைய அடியான்’ என்று தொடங்கி முடிவுறாமல் நிற்கும் பாதிச் சொல். மறுபாதியான ‘ரஹ்மான்’ இறைவனின் திருநாமம். பிரித்தால் ஒருபுறம் பொருளற்ற எச்சமும், மறுபுறம் அடியானுக்கு உரியதல்லாத பெயரும் மிஞ்சும். இலக்கணப்படியும் நம்பிக்கைப்படியும் அது பிரிக்கத் தகாத தொடர்.

நூலகத்தார் இதை எப்போதோ உணர்ந்திருந்தனர். ஆங்கிலோ–அமெரிக்க நூற்பட்டியல் விதிகளின் 1978ஆம் ஆண்டுப் பதிப்பு, குடும்பப் பெயரில்லாத தமிழ்ப் பெயர்களை இயற்பெயரின் கீழ்ப் பதியச் சொன்னது. முன்னாள் குடியரசுத் தலைவரை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ‘அப்துல் கலாம், ஏ.பி.ஜே.’ என்றே பதிந்துள்ளது. ஆனால் 1999இல் வெளியான அவருடைய ‘அக்னிச் சிறகுகள்’ ஆங்கில மூலத்தை மேற்கோள் காட்டும் கட்டுரைகள் பலவற்றில் ‘கலாம், ஏ.பி.ஜே. அப்துல்’ என்பதையே காண்கிறோம்.

பெண்களின் நிலை இன்னும் இடருடையது. பேகம், பானு, பீவி போன்ற மரியாதைச் சொற்கள் இறுதியில் நிற்பதால் கணினி அவற்றையே குடும்பப் பெயராகக் கொள்கிறது. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத பலர் ஒரே ‘பேகம் எஸ்.’ ஆகிவிடுகின்றனர். திருமணத்துக்குப் பின் தந்தையின் முன்னெழுத்துக் கணவருடையதாக மாறினால், ஒரே பெண்மணி இருவராகவும் ஆகிறார்.

ஒருவரை இருவராக்குவதும் இருவரை ஒருவராக்குவதும் நம் கல்வி மரபுக்குப் புதிய நோய்கள் அல்ல. ஹிஜ்ரி 463இல் (கி.பி. 1071) மறைந்த கதீப் அல்-பக்தாதீ (ரஹ்), ஒரே பெயரில் வாழ்ந்த வெவ்வேறு அறிவிப்பாளர்களைப் பிரித்துக் காட்ட ‘அல்-முத்தஃபிக் வல்-முஃப்தரிக்’ என்ற நூலை இயற்றினார். சேர்ப்பதிலும் பிரிப்பதிலும் நேர்ந்த மயக்கங்களை விளக்குவதற்கென்றே ‘மூளிஹு அவ்ஹாமில் ஜம்இ வத்தஃப்ரீக்’ என்ற மற்றொரு நூலையும் எழுதினார். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் ‘அத்தாரீகுல் கபீர்’ நூலில் உள்ள அத்தகைய இடங்களைக்கூட அதில் அவர் ஆராயத் தயங்கவில்லை. குன்யத்து, தந்தைவழி, ஊர்வழி, பட்டம் என ஒருவரை நான்கு புறமும் அடையாளங்காட்டிய பின்னரே அவர் சொன்னது எடைபோடப்பட்டது. 2012இல் தொடங்கிய ‘ஆர்கிட்’ என்னும் பதினாறு இலக்க ஆய்வாளர் எண் செய்ய முயல்வது அந்தப் பணியின் ஒரு சிறு பகுதியைத்தான்.

இன்று இதனால் நேரும் இழப்பு கண்கூடானது. 2005இல் ஹிர்ஷ் என்பார் முன்மொழிந்த ‘எச்’ குறியீடு, ஒருவரின் கட்டுரைகள் பிறரால் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதைக் கொண்டு அவரை அளக்கிறது. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைகள், கல்லூரி ஆசிரியரின் பதவி உயர்வில் வெளியீடுகளுக்கு மதிப்பெண் வழங்கின. பெயர் மூன்றாகச் சிதறியவரின் உழைப்பும் மூன்றாகச் சிதறும். அவர் கட்டுரையின் பயன் முன்பின் அறியாத மற்றொரு ‘ரஹ்மான் ஏ.’யின் கணக்கில் சேரவும் கூடும்.

தமிழில் எழுதும் பட்டியல்களும் குறையற்றவை அல்ல. கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017) சிலர் பட்டியலில் ‘அ’விலும், சிலர் பட்டியலில் பட்டத்தின் பொருட்டுக் ‘க’விலும், ஆங்கிலப் பட்டியலைப் பார்த்து எழுதியோரிடத்தில் ‘ர’விலும் இருக்கிறார். இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றை பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து எழுதிய ம.மு. உவைஸ், ஆங்கிலத்தில் ‘எம்.எம்.’ ஆகிறார். ஆங்கிலத்தில் அவர் தம் பெயரை எழுதிய முறையும், அவருடைய தமிழ் நூல்களை ஒலிபெயர்த்துப் பதியும் அயல்நாட்டு நூலகங்களின் முறையும் ஒன்றல்ல. இரண்டையும் கண்ட இளம் மாணவர் இருவர் எனக் கொண்டால் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

செய்ய வேண்டியது முதற் கட்டுரையிலேயே தொடங்குகிறது. இதழின் இணையப் படிவம் கேட்கும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ‘அப்துல் ரஹ்மான்’ என்று முழுவதையும், மற்றதில் ‘கே.எஸ்.’ என்பதையும் இடுக. பட்டியலில் அது ‘அப்துல் ரஹ்மான் கே.எஸ்.’ என்று வரும். இடையில் சிறுகோடிட்டோ ஒரே சொல்லாகச் சேர்த்தோ எழுதுவது இன்னும் பாதுகாப்பானது. தேர்ந்த எழுத்துக்கூட்டலைப் பின்னர் மாற்றலாகாது. பிறரை மேற்கோள் காட்டும்போது தரவுத்தளம் தரும் வடிவத்தை அப்படியே ஏற்காமல், கட்டுரையின் முதற்பக்கத்தில் அவர் தம்மை எவ்வாறு எழுதியுள்ளார் என்று பார்த்தல் வேண்டும். ‘பிப்டெக்’ மென்பொருள், காற்புள்ளி இல்லாத பெயரின் கடைசிச் சொல்லையே குடும்பப் பெயராகக் கொள்ளும். ‘அப்துல் ரஹ்மான்’ என்பதை அடுத்து ஒரு காற்புள்ளி இட்டால் பெயர் பிளவுபடாது. ‘ஸொட்டேரோ’வில் பெயரை ஒரே கட்டமாக மாற்றிக்கொள்ள வழியுண்டு, அவ்வாறு செய்தால் முன்னெழுத்துகளின் இடத்தை நாமே கவனித்து அமைக்க வேண்டும்.

முன்பே தவறாக அச்சானவற்றைத் திருத்துவது கடினம். ஆயினும் ஆர்கிட் பதிவில் தம் பெயரின் எல்லா வடிவங்களையும் சேர்த்து எழுதலாம். ‘ஸ்கோபஸ்’ போன்ற தரவுத்தளங்களில் சிதறிய பதிவுகளை இணைக்குமாறும், பிறருடையவற்றை நீக்குமாறும் ஆய்வாளரே விண்ணப்பிக்கலாம். இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். தமதல்லாத கட்டுரை ஒன்று தம் கணக்கில் இருந்தால், அதற்குரிய மற்றோர் அப்துல் ரஹ்மானும் எங்கோ அதைத் தேடிக்கொண்டிருப்பார்.