முட்டி வலியும் உடம்புக் கனமும்: படுத்தாலும் தீராது, பயந்தாலும் தீராது



போன தீபாவளிக்கு முன்பு சங்க வேலையாக ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டு வாசலில் அக்கா ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பதினாறு வயதில் பால் மரம் சீவத் தொடங்கியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு உதிரிப் பழம் பொறுக்கினார். வயது இப்போது ஐம்பத்தெட்டு.

“வாங்க தம்பி. எழுந்திரிக்க முடியல, தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார். இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன. என்ன வைத்தியம் பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

“எடையைக் குறைங்கன்னு டாக்டர் சொல்றாரு. நடக்கவே முடியல, எப்படித் தம்பி குறைக்கிறது? சோம்பேறின்னு நெனச்சிட்டாரு போல. காண்டா வாளி தூக்கின உடம்பு தம்பி இது!”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு நாலு பேரை விசாரித்தேன், படித்தும் பார்த்தேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். முட்டி வலியோ இடுப்பு வலியோ இல்லாத வீடு நம்மில் எத்தனை?

முதலில், இந்தக் கனம் எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்தில் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போனோம். மரத்துக்கு மரம் நடந்தோம். மேட்டிலும் பள்ளத்திலும் பால் சுமந்தோம். தின்ற சோறு வேர்வையாய் வெளியே போனது. இன்று நம் பிள்ளைகள் பத்து பெரண்டாம், ஆயர் குரோ பக்கம் தொழிற்சாலையில் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். இல்லையென்றால் பாதுகாவலர் வேலையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். தோட்டத்தில் இருப்பவர்களுக்கும் எங்கே போனாலும் மோட்டார் சைக்கிள்தான். வேலை மாறிப்போச்சு, தட்டு மாறவில்லை. அதே சோறு, அதே எண்ணெய், டின் பால் ஊற்றிய தேத்தண்ணி. போதாததற்குப் பாசார் மாலாமில் வாங்கும் பொரித்த பலகாரமும் கலர் தண்ணியும்.

இது நம் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2023-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 54 பேர் இருக்க வேண்டிய எடைக்கு மேல் இருந்தார்கள். நம் இந்திய உடல்வாகுக்கு வயிற்றில்தான் கொழுப்பு சீக்கிரம் சேரும். ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80-ஐயும் தாண்டினால் எச்சரிக்கை. தையல்காரர் நாடா ஒன்று போதும், வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்.

சரி, கனத்துக்கும் வலிக்கும் என்ன சம்பந்தம்? டாக்டர் கிரண் வீரப்பனும் வெளிநாட்டு நிபுணர்களும் மலேசியாவில் நடத்திய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. மூட்டு வலி என்று சொன்னவர்களின் புகார்களில் 100-க்கு 65 முட்டியைப் பற்றியவை. அமெரிக்காவில் ஸ்டீபன் மெசியர் என்ற ஆராய்ச்சியாளர், எடை கூடிய முட்டி வலிக்காரர்களை நடக்கவிட்டு அளந்தார். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முட்டியின் மேல் விழும் பாரத்தில் நாலு கிலோ குறைகிறது என்று 2005-இல் எழுதினார். ஐந்து கிலோ குறைத்தால் என்ன ஆகும், கணக்குப் போடுங்கள். பத்துக் கிலோ அரிசி மூட்டை இரண்டை, ஒவ்வோர் அடியிலும் முட்டி மேலிருந்து இறக்கி வைத்த மாதிரி!

அவரே 2013-இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார். முட்டி தேய்ந்த 454 பேரைப் பதினெட்டு மாதம் கவனித்தார்கள். சாப்பாட்டையும் குறைத்து உடற்பயிற்சியும் செய்தவர்களுக்குச் சராசரியாகப் பத்துக் கிலோ குறைந்தது, வலியும் ஏறக்குறையப் பாதியானது. ஒன்றை மட்டும் செய்தவர்களைவிட இரண்டையும் செய்தவர்களுக்கே நல்ல பலன்.

ஆனால் அக்கா கேட்டது அதுவல்லவே! நடக்க முடியாதவர் எப்படிக் குறைப்பது? வலிக்கிறது என்று படுக்கிறோம். படுத்தால் தொடைச் சதை இளைக்கிறது, கனம் ஏறுகிறது. முட்டிக்குத் தாங்கல் போய் வலி இன்னும் கூடுகிறது. செக்கு மாடு மாதிரி ஒரே வட்டம். இதை எந்த இடத்தில் அறுப்பது?

இதற்கு வழி காட்டியவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். சிலாங்கூர், செலாயாங் மருத்துவமனையில் வலி நிபுணர் டாக்டர் மேரி கார்டோசாவும் அவருடைய குழுவினரும் ‘மெனாங்’ என்ற இரண்டு வாரப் பயிற்சியை நடத்தினார்கள். மெனாங் என்றால் வெற்றி என்பது நமக்குத் தெரிந்ததுதான். நாட்பட்ட வலியோடு வாழ்கிறவர்களுக்கு டாக்டர், மனநல நிபுணர், உடற்பயிற்சி சிகிச்சையாளர் எல்லாரும் சேர்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். அதன் பலனை 2012-இல் ஆய்வாக எழுதினார்கள். ஓராண்டு கழித்தும் முன்னேற்றம் நிலைத்திருந்தது.

இத்தகைய பயிற்சியின் சாரம் இதுதான். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில் நரம்பே கூச்சம் பிடித்துப் போகிறது. அதனால் வலிக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தமில்லை. அதே நேரத்தில் அந்த வலி பொய்யும் இல்லை, பாசாங்கும் இல்லை. நாம் செய்கிற தப்பு என்ன? வலி குறைந்த நாளில் துணி, கூட்டல், சமையல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்கிறோம். பிறகு மூன்று நாள் படுக்கிறோம். அது கூடாது. வலியைப் பார்த்து வேலை செய்யாமல் கடிகாரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். நல்ல நாளோ கெட்ட நாளோ, ஐந்து நிமிஷம் நடை. அடுத்த வாரம் ஆறு நிமிஷம். நடக்கவே முடியாதவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணி இறக்கலாம். பிறகு மறு கால். அங்கேதான் வட்டம் அறுபடுகிறது.

சாப்பாட்டில் பட்டினி வேண்டாம். சோற்றை ஒரு கரண்டி குறைத்துக் கீரையை ஒரு கரண்டி கூட்டுங்கள். டின் பாலை விடுங்கள். பருப்பு, முட்டை, மீன் இருக்கட்டும், சதைக்கு அது வேண்டும். இனிப்பு நீர் மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சோற்றைக் குறையுங்கள்.

ஒரு கண்டிப்பான வார்த்தை. கடையில் வாங்கும் வலி மாத்திரையைத் தினமும் விழுங்காதீர்கள். இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அது சிறுநீரகத்தையே கெடுக்கும். ‘ஒரே நாளில் வலி போகும்’ என்று விற்கும் சில மூலிகை மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு அதிகாரிகளே கண்டுபிடித்திருக்கிறார்கள். அது முகத்தை உப்ப வைத்து, எடையையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும். முட்டி வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும், இடுப்பு வலியோடு கால் மரத்தாலும், சிறுநீர் கட்டுப்படாமல் போனாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இனி உரிமைக்கு வருவோம். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். முட்டி வலிக்கு உடற்பயிற்சி சிகிச்சை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். குத்தகைக்காரரிடம் வேலை செய்தாலும் அவர் கட்டத்தான் வேண்டும். வேலையால் வந்த நோய்க்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் உண்டு. சொக்சோவின் மறுவாழ்வு மையம் 2014-இல் நம் மலாக்காவிலேயே, பெம்பான் பக்கம் திறக்கப்பட்டது. அடிபட்ட, நோயுற்ற தொழிலாளரை மீண்டும் வேலைக்குத் தயார் செய்யும் இடம் அது. நம் ஆட்களில் எத்தனை பேர் அதன் வாசலை மிதித்திருக்கிறோம்?

இந்தத் தைப் பொங்கலுக்கு அந்த அக்காவை மறுபடியும் பார்த்தேன். எடை மூன்று கிலோதான் இறங்கியிருக்கிறது. வலி முழுசாய்ப் போகவில்லை. ஆனால் முனியாண்டி கோயில் வரைக்கும் தானே நடந்து வந்து பொங்கல் வைத்தார்.

“வலி இருக்கு தம்பி. இருந்துட்டுப் போவுது. நான் அதுக்காக உட்காருறதில்ல” என்றார்.

அந்த உடம்பைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்ல எவருக்கும் வாய் வரக்கூடாது. நாமும் நம்மை அப்படி நினைத்துக்கொள்ளக் கூடாது. நாளைக் காலையில் ஐந்தே நிமிஷம், தோழர்களே. கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்குங்கள்.