சிஐடி 999: திரைக்குப் பின்னால் இருவர்

007 என்றால் ஜேம்ஸ் பாண்ட். பெங்களூரின் பழைய சினிமா ரசிகர்களிடம் 999 என்று சொன்னால் ராஜ்குமார். ஆனால் அந்த எண்ணை உருவாக்கிய இருவரின் பெயர் அத்தனை வேகமாக யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஒருவர் ஒளிப்பதிவாளர் பி. துரைராஜ்; மற்றவர் எஸ்.கே. பகவான். டைட்டிலில் 'துரை-பகவான்'.

1962இல் 'டாக்டர் நோ' வந்த பிறகு ஒற்றர் பட மோகம் தெற்கையும் தொற்றியது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வைத்து 1966இல் 'வல்லவன் ஒருவன்' எடுத்தது. கன்னடத்தில் துரை-பகவான் செய்ததோ இன்னும் துணிச்சலான காரியம். 'பேடர கண்ணப்பா' (1954) தொடங்கி பக்தி, புராண வேடங்களில் மக்கள் கையெடுத்துக் கும்பிட்ட ராஜ்குமாரின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். 'ஜேடர பலே' (சிலந்தி வலை) 1968இல் வெளியானது.

அதே ஆண்டில் 'கோவாதல்லி சிஐடி 999'. நம் லட்சுமிக்குக் கன்னடத்தில் அதுதான் முதல் படம். 1969இல் 'ஆபரேஷன் ஜாக்பாட்நல்லி சிஐடி 999', 1978இல் வண்ணத்தில் 'ஆபரேஷன் டைமண்ட் ராக்கெட்'. நான்குக்கும் இசை, இளையராஜா உதவியாளராக இருந்த ஜி.கே. வெங்கடேஷ்.

துரைராஜ் 2000இல் மறைந்தார். எண்பது வயதைத் தாண்டியும் 'ஆடுவ கொம்பெ' (2019) படத்தை இயக்கிய பகவான், 2023 பிப்ரவரி 20 அன்று பெங்களூரில் காலமானார். வயது 89.

இந்த ஜோடியின் பெருமை என்றதும் பலரும் சொல்வது 'கஸ்தூரி நிவாசா' (1971). தமிழில் சிவாஜி நடித்த 'அவன்தான் மனிதன்' இதன் மறு ஆக்கம்தான். கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட அந்தப் படம் வண்ணமேற்றப்பட்டு 2014இல் மீண்டும் திரைக்கு வந்தது. தகுதியான மரியாதைதான். ஆனால் கண்ணீர் வரவழைக்கும் படம்தான் கலை, சண்டைப் படம் வெறும் பொழுதுபோக்கு என்ற நம் பழைய கணக்கு ஒற்றர் படங்களுக்கு அநியாயம் செய்கிறது. ஒரு மொழியின் சினிமாவுக்குப் புதிய பாதை போட்டவை அவை.

1996இல் இறந்த தயாரிப்பாளர் ஆல்பர்ட் பிராக்கோலியின் பெயர், 2021இல் வந்த பாண்ட் படத்தின் தொடக்கத்திலும் இடம்பெற்றது. பாண்டாக நடித்தவர்கள் மாறினார்கள். அந்தப் பெயர் நிலைத்தது. துரை-பகவானுக்குச் சிலை வேண்டாம். 999 வரிசையின் முதல் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களைப் பழுது நீக்கி, பெங்களூர் தியேட்டர் ஒன்றில் திரையிட்டால் போதும். டைட்டில் ஓடும்போது அந்த இரண்டு பெயர்களுக்கும் கைதட்டல் தானாக எழும்.