வரைபில் சார்பின் பெறுமானத்தை வாசித்தல்

கிடையச்சில் ஒரு காலத்தைக் குறித்து, நிலைக்குத்தாகச் சென்று வளையியைச் சந்தித்து, அங்கிருந்து கிடையாக மற்றைய அச்சை அடைந்தால் சார்பின் பெறுமானத்தைப் பெறுவோம். ஒரு காலத்துக்கு ஒரு பெறுமானமே உண்டு. மறுதலையாக வாசிக்கும்போது இவ்வொருமை நிலைப்பதில்லை.

ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் கீலிங் 1958 இல் தொடக்கிய காபனீரொட்சைட்டு வரைபை நோக்குவோம். அன்று அவ்வாயு வளியில் மில்லியனுக்கு ஏறத்தாழ 315 பங்கு. வட அரைக்கோளத் தாவரங்கள் கோடையில் அதனை உள்ளெடுப்பதால், வளையி ஆண்டுதோறும் சுமார் 6 பங்கு இறங்கிப் பின் ஏறுகின்றது. எனவே 400 இல் வரையப்படும் கிடைக்கோடு வளையியைப் பலமுறை வெட்டும். 400 எப்போது என்ற வினாவுக்கு விடை ஒன்றன்று.

மே முதல் செப்டெம்பர் வரையான இறக்கத்தை மட்டும் வெட்டியெடுத்து, வாயு குறைகின்றது எனக் காட்டுதல் எவருக்கும் எளிது. நாம் மே மாதத்தை மே மாதத்துடனேயே ஒப்பிடுதல் வேண்டும்: 2013 இல் ஏறத்தாழ 400, 2023 இல் 424.