நன்னாரிப் போஞ்சி: செய்முறையும் காரணமும்

எலுமிச்சைச் சாறு என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வதை நம்ம திருவட்டாறு பக்கம் போஞ்சி என்போம். அதில் நன்னாரி சேர்ந்தால் எந்தக் கலர் பாட்டிலும் கிட்டே வர முடியாது.

முதலில் பாகு. நன்னாரி வேர் 50 கிராம் வாங்கி, மண் போகக் கழுவி, லேசாகத் தட்டி, நடுவிலிருக்கும் கட்டையை எடுத்து எறியுங்கள். வாசம் தோலில்தான் இருக்கு. அரை லிட்டர் கொதித்த வெள்ளத்தில் போட்டு மூடி, ராத்திரி முழுக்க வையுங்கள். மூடாமல் கொதிக்க விட்டால் வாசனை ஆவியோடு போய்விடும், வீடு மணக்கும், பாகு மணக்காது! அந்த மணப்பொருளும் ஐஸ்கிரீமில் போடும் வெனிலின் என்ற பொருளும் ஒரே அணுக்களால் ஆனவை, அடுக்குதான் வேறு. காலையில் வடிகட்டி ஒரு கிலோ சீனி போட்டுக் கரையும் வரை சூடாக்குங்கள். கணக்குப் போட்டால் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சீனி. இந்த அடர்த்தியில் கிருமியின் உடம்பிலுள்ள நீரையே பாகு உறிஞ்சிவிடும் (சவ்வூடு பரவல்தான், முதலாண்டில் படித்தோமே). அதனால் சீக்கிரம் கெடாது.

ஒரு டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டிப் பாகு, அரை எலுமிச்சை, தட்டிய இஞ்சி, நாலு புதினா இலை, ஒரு சிட்டிகை உப்பு, பானை வெள்ளம். பழத்தை ரொம்ப அழுத்திப் பிழிந்தால் கசக்கும். அலுமினியப் பாத்திரம் கூடாது, சிட்ரிக் அமிலம் அதை அரிக்கும்.

உப்பு எதற்கு என்று கேட்பீர்கள். சீனியிலுள்ள குளுக்கோஸ் குடலுக்குள் நுழையும்போது உப்பிலுள்ள சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போகும், பின்னாலேயே நீரும் போகும். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலநபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துப் பலரைப் பிழைக்க வைத்தார். அதன் அளவு வேறு. பேதிக்கு நம்ம போஞ்சி போதாது, பொட்டலக் கரைசல்தான் வேண்டும். ஆனால் வேர்த்து வடிகிறவர்களுக்கு இது உதவும்.

இதை நான் படித்துப் பார்த்ததே எங்க அம்மைக்காகத்தான். அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கிறார்கள். கூலி எடைக்கு. "வெள்ளம் குடிச்சா எந்திரிச்சுப் போவணும் மக்கா, போனா எடை குறையும்" என்று நாள் முழுக்கக் குடிக்காமலே இருந்துவிட்டு, சாயங்காலம் தலைவலியோடு வருவார்கள். சும்மா வெள்ளம் கொடுத்துவிட்டால் அப்படியே திரும்பி வரும். ருசியாக இருந்தால் குடிப்பார்களே என்று போஞ்சி கொடுத்துவிட்டேன்.

சாறு காற்றுப் பட்டால் வைட்டமின் சி குறையும், அதனால் குடிக்கும்போது பிழிவதுதான் சரி. ஆனால் தோட்டு எண்ணெய் பட்டு வெந்த விரலில் எலுமிச்சை பட்டால் எரியும். ஆகவே காலையில் நானே பிழிந்து, ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டிலில் நிறைத்துக் கொடுக்கிறேன். வைட்டமின் கொஞ்சம் போனால் போகட்டும்.

பக்கத்தில் இருந்து உடைக்கும் மாமிமாரும் கேட்பதால், இப்போ ரெண்டு பாட்டில் போகுது.