எதிர்வரிசையில் உடன்பிறந்தான்: இந்திய தேசிய இராணுவத் தளபதிகளின் போர்க்கள அனுபவம்

முன்னுரை

சிங்கப்பூரின் ஜாலான் புசார் சாலையிலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய தொலைவில் உள்ளது ஃபேரர் பார்க் திடல். சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாளான 1942 பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த இந்தியப் போர்வீரர்கள் பல்லாயிரவர் அங்குக் கூட்டப்பெற்று, பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரால் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைக்கப்பெற்றனர். ஃபுஜிவாராவும் கேப்டன் மோகன் சிங்கும் அவர்களிடையே உரையாற்றினர். இந்திய தேசிய இராணுவம் இத்திடலிலேயே கருக்கொண்டது எனலாம். அதே மாதத்தில் ஜாலான் புசார் விளையாட்டரங்கம், சீன ஆடவரைப் பிரித்தெடுத்துக் கொன்ற 'சூக் சிங்' நடவடிக்கையின் சோதனை மையங்களுள் ஒன்றாயிற்று.

இவ்விராணுவம் பர்மாவிலும் மணிப்பூர் எல்லையிலும் நடத்திய போர், அயலாட்சிக்கு எதிரான விடுதலைப் போராகவே பெரிதும் பேசப்பெறுகிறது. எனினும், களத்தில் எதிரே நின்றவருள் பெரும்பாலோர் பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சேர்ந்த இந்தியரே. ஆதலின், தளபதிகளின் நிலையிலிருந்து நோக்குமிடத்து இதில் உள்நாட்டுப் போரின் கூறுகள் தெளிவாகப் புலப்படுகின்றன. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே குடியில் இரு படை

நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது, இருவரும் ஆத்தி சூடிய சோழரே என்பதைக் கோவூர்கிழார் எடுத்துரைத்த செய்தியைப் புறநானூற்றின் 45ஆம் பாடல் வழி அறிவோம். எவர் தோற்பினும் தோற்பது ஒரு குடியே என்பது புலவரின் வாதம். இந்நிலை 1944இல் சொல்லுக்குச் சொல் மெய்யாயிற்று. சுபாஷ் படைப்பிரிவின் தளபதி ஷா நவாஸ் கான், குடும்பமே பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய மரபினர். தொடக்கத்தில் இவ்விராணுவத்தை ஏற்க மறுத்தவரும் கூட. தம் உடன்பிறந்தானே எதிர்நிற்பினும் பொருவதென்று உறுதிகொண்டதாகவும், 1944ஆம் ஆண்டுப் போரில் அவ்வாறே எதிரெதிர் நின்றதாகவும் அவர் பின்னர் நீதிமன்றத்தில் கூறினார். மறுபுறத்தில், பின்னாளில் இந்தியத் தரைப்படைத் தலைவரான திம்மையா, பிரிட்டிஷ் இந்தியப் படையின் அதிகாரியாக அரக்கானில் போரிட்டார். அவருடைய உடன்பிறந்தார் ஒருவரோ இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தார்.

ஐராவதிக் கரையில்

இத்தகைய போரில் தளபதியின் முதற்கவலை எதிரியின் பீரங்கியன்று. தம் வீரரின் மனமே. எதிர்க்கரையில் தம் மொழி பேசுவோர் நிற்கையில், கடந்து செல்வது எளிது. இந்திய தேசிய இராணுவத்தின் போர்த்திட்டமே இந்த உண்மையின்மேல் அமைந்ததாகும். தம்மைக் கண்டதும் பிரிட்டிஷ் இந்தியப் படையினர் தம் பக்கம் வந்துவிடுவர் என்று அதன் தலைவர்கள் நம்பினர். அவ்வாறு பெருமளவில் நிகழவில்லை. மாறாக, 1945இல் அந்த ஓட்டம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது.

1945 பிப்ரவரி 14 அன்று, 7ஆம் இந்திய டிவிஷன் ஐராவதி ஆற்றைக் கடந்தது. நியாவுங்கு, பகான் பகுதியைக் காத்து நின்றது குர்பக்ஷ் சிங் தில்லானின் படை. பகானில் கடக்க முயன்றதோ ஒரு சீக்கியப் படைப்பிரிவு, தில்லானும் சீக்கியரே. தொடக்கத்தில் எதிர்ப்பு இருப்பினும், பின்னர்க் கரையிலிருந்தோர் வெள்ளைக் கொடியுடன் படகில் வந்து சரணடைய முன்வந்தனர். எதிர்ப்படைத் தலைவரான ஜெனரல் ஸ்லிம் தம் போர் வரலாற்று நூலில் இதனை எதிர்பாராது வாய்த்த நல்வாய்ப்பாகவே காண்கிறார். தில்லானுக்கோ அது தம் அதிகாரத்தின் அடித்தளமே சரிந்த நாள்.

தண்டனையும் வழக்கும்

மார்ச் மாதத் தொடக்கத்தில், டிவிஷன் தலைமையகத்தைச் சேர்ந்த அதிகாரிகளே சிலர் எதிரணிக்குச் சென்றுவிட்டனர். மார்ச் 6 அன்று, எதிரணிக்குச் செல்ல முயன்றனர் என்னும் குற்றச்சாட்டின்பேரில் வீரர் நால்வர் போப்பா மலைப் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

1945 நவம்பர் 5 அன்று செங்கோட்டையில் தொடங்கிய வழக்கின் குற்றப்பட்டியலை ஊன்றி நோக்குதல் வேண்டும். பேரரசருக்கு எதிராகப் போர் தொடுத்தமை மூவர் மீதும் சுமத்தப்பட்டது. அதனுடன், அந்நால்வரைக் கொன்றதாகத் தில்லான் மீதும், அதற்குத் துணைநின்றதாகப் பிரேம் சாகல் மீதும், வேறொரு வீரரின் கொலைக்குத் துணைநின்றதாக ஷா நவாஸ் மீதும் வழக்கு அமைந்தது. போர் தொடுத்த குற்றம் மூவர் மீதும் உறுதியாயிற்று. கொலை தொடர்பான குற்றச்சாட்டிலிருந்து தில்லானும் சாகலும் விடுபட்டனர். ஷா நவாஸ் விடுபடவில்லை. மூவருக்கும் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையைத் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் 1946 ஜனவரியில் நீக்கினார். இவ்வழக்கில் கொலையாகக் கருதப்பட்டவை எதிரியின் சாவுகள் அல்ல. தம் படைவீரரின் சாவுகளே. உள்நாட்டுப் போரில் தளபதி தாங்கும் பெருஞ்சுமை எதுவென்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

வீரர் அல்லது துரோகி என்னும் இரு சொற்களுள் இம்மனிதரை அடக்க இயலாது. ஃபேரர் பார்க்கில் அமர்ந்திருந்தோர் அனைவரும் ஒரே படையினர். அவருட் சிலர் பழைய உறுதிமொழியைக் காத்துச் சிறைமுகாமில் துன்புற்றனர். சிலர் புதிய உறுதிமொழி ஏற்றனர். ஏற்றவருட் சிலர் அதனையும் கைவிட்டனர். மாறிச் சென்றவரைச் சுட ஆணையிட்ட தளபதிகளும் ஒருமுறை மாறி வந்தவரே. இம்முரணை அவர்தம் வாழ்க்கை தீர்த்துவைக்கவில்லை. நம் வகுப்பறைகளும் அதனை அவசரமாகத் தீர்த்துவிடாமல், மாணவர்முன் வினாவாகவே வைத்தல் நன்று. தளபதிகளின் கூற்றுகள் நூல்களாயின. அவர்களின் ஆணைக்குட்பட்டு நின்ற மலாயாத் தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் கூற்றுகளையும் உடன்வைத்துக் கற்பிக்கும்போதே அவ்வினா முழுமை பெறும்.